மோர்னிங்சைட்டில் பலித்த கடிதம்

ஸ்காபரோ
4 பெப்ரவரி 1996

அன்புள்ள லவன்,

இவ்வளவு பிந்திய இரவில் எழுதுவதற்குக் கோபிக்க வேண்டாம். எழுத்துக் கோணலாக இருந்தால் அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள்ளுங்கள். குசினி லைட்டை மட்டும் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். தனுவுக்குக் காய்ச்சல். இப்போதுதான் கண்ணை மூடினாள். எழும்பினால் ஃபோனைத் தூக்கிக் காதில் வைத்துக்கொண்டு "அப்பா, அப்பா" என்று தொடங்கிவிடுவாள். மூன்று வயது கடந்தும் அவளுக்குத் தகப்பன் என்றால் அந்த ஃபோன்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஃபோனை வைத்த பிறகும் நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டே நின்றேன். "பொலிசில இருந்து கடிதம் வந்திருக்கு. அந்த வீட்டுக்காரன் என்னில கேஸ் போட்டிருக்கிறான்" என்றீர்கள். நான் அழத் தொடங்க, "அழுறதெண்டால் காசு குடுத்து அழாதையும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அதன் பிறகு உங்கள் விடுதிக்கு எப்போது எடுத்தாலும் யாரோ ஒருவன், "லவன் அண்ணை வேலைக்குப் போட்டார்" என்கிறான். பின்னால் நீங்கள் இருமுவது எனக்கு வடிவாகக் கேட்கிறது.

எங்கே பிழைத்தது என்று திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். போன வருடம் இந்த மோர்னிங்சைட் அப்பார்ட்மென்டைக் கேட்டுப் போனபோது கட்டடத்தைப் பார்க்கிற சுப்பிரின்டென்ட் தனுவைப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளை உள்ளவர்களுக்கு இங்கே வீடு இல்லை என்றான். நான் இலவச சட்ட உதவிக் கிளினிக்கிற்குப் போனேன். அவர்கள் ஒரு கடிதம் போட்டார்கள். பிள்ளை இருப்பதற்காக வீடு மறுப்பது ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டப்படி பிழை, திருத்தாவிட்டால் ஆணைக்குழுவில் முறையிடுவோம் என்று. அவ்வளவுதான். அந்த மனிதன் சிரித்துக்கொண்டு வந்து வீட்டுத் திறப்பைத் தந்தான். தனுவுக்கு ஒரு லொலிபொப்பும் தந்தான்.

அந்தச் சந்தோசத்தில்தான் அந்தக் கடிதத்தின் பிரதியை உங்களுக்கு அனுப்பினேன். உங்கள் நிறத்தைப் பார்த்து வீடு இல்லை என்றவனுக்கு அதையே ஜேர்மன் மொழியில் எழுதிப் போடுங்கள், பிள்ளை என்று வரும் இடத்தில் நிறம் என்று மாற்றினால் சரி என்றேன். "உங்கள் செயல் இனவெறிச் செயல், அது சட்டப்படி குற்றம்" என்ற வரி கிளினிக் கடிதத்தில் இல்லை. அதை நான்தான் ஃபோனில் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதினீர்கள். "இவ்வளவு உறைப்பு வேணுமோ?" என்று கேட்டீர்கள். "பயந்து பயந்து எழுதினால் ஒருத்தனும் மதிக்கமாட்டான்" என்றேன்.

கனடாவில் ஒரு சட்டம் இருந்தால் ஜேர்மனியிலும் இருக்கும்தானே என்று நினைத்தேன். காசுள்ள நாடு, படித்த நாடு. இராது என்று யார் நினைப்பார்கள்?

ஏப்ரலில் பொன் (Bonn) நகரத்துக் கனடியத் தூதரகத்தில் உங்களுக்கு நேர்முகம். என்னை ரொறன்ரோவுக்கும் உங்களை ஜேர்மனிக்குமாக, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் பிரித்துவிட்ட நாளிலிருந்து இதற்காகத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பொலிஸ் வழக்கு நடக்கும் ஆளுக்கு விசா கொடுப்பார்களா? ஃபைலை மேசைக்கு அடியில் போட்டுவிடமாட்டார்களா? மன்னிப்புக் கேட்டு எழுதித் தந்தால் அந்த வீட்டுக்காரன் முறைப்பாட்டைத் திரும்ப எடுப்பானாம் என்று நீங்களே சொன்னீர்கள். கேட்டுவிடுங்கள் லவன். உங்களுக்கு மானம் போகிறது என்றால் நான் கேட்கச் சொன்னதாக நினைத்துக் கேளுங்கள்.

நிரூபா

*

கிளேவெ, ஜேர்மனி
14.02.1996

அன்பின் நிரூ,

தனுவுக்குக் காய்ச்சல் விட்டதா? முதலில் அதை எழுதும். இருமினது நான்தான். ஒளித்து நிற்கிறவன் இருமக்கூடாது என்று இப்போது படித்துக்கொண்டேன்.

ஃபோனில் நான் ஒழுங்காகச் சொல்லவில்லை, நீரும் கேட்கவில்லை. ஆறுதலாக எழுதுகிறேன். இந்த அகதி விடுதியைக் கோடைக்கு முன் மூடப்போகிறார்கள். பேப்பரில் ஒரு வீட்டு விளம்பரம் வந்தது. என்னோடு பாண் பேக்கரியில் வேலை செய்யும் ஊர்சுலா என்ற மனுசி எனக்காக ஃபோன் எடுத்துக் கேட்டா. வயதான மனுசி, எனக்குத் தாய் மாதிரி. வீடு இருக்கிறது, வந்து பார்க்கலாம் என்று பதில். நான் நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவன் என் முகத்தைப் பார்த்ததும், அது போய்விட்டது என்றான். நான் வந்து சொல்ல, ஊர்சுலா கையில் இருந்த மாவை ஏப்ரனில் துடைத்துவிட்டுத் திரும்ப ஃபோன் எடுத்தா. நான் பக்கத்திலேயே நின்றேன். "எப்ப வாறீங்கள் பார்க்க?" என்று கேட்கிறான் அவன்.

உமது கடிதத்தை மொழிபெயர்த்துப் போட்டபோது எனக்கு உண்மையாகவே ஒரு பெருமை இருந்தது. மறைக்கவில்லை.

பிறகு பொலிஸ் கடிதம் வந்ததும் சேர்ச்காரர் நடத்தும் ஆலோசனை நிலையத்துக்குப் போனேன். அங்கே ஒரு வக்கீல் வருவார், நல்ல மனிதர். இனத்தாலோ மொழியாலோ ஒருவருக்கும் குறை வைக்கக்கூடாது என்று இந்த நாட்டின் அரசியலமைப்பில் வடிவாக எழுதியிருக்கிறது, ஆனால் அது கட்டிப்போடுவது அரசாங்கத்தைத்தான், சொந்த வீட்டை வாடகைக்கு விடும் தனி ஆளை நேரே கட்டாது என்றார். வீடு மறுப்பதற்கு எதிராக உங்கள் ஒன்ராறியோவில் உள்ளது மாதிரி ஒரு சட்டம் இங்கே இன்னும் இல்லையாம்.

"அப்ப அவன் செய்தது என்ன?" என்று கேட்டேன்.

"கூடாத வேலை" என்றார்.

"நான் செய்தது?"

"குற்றமாக இருக்கலாம்" என்றார். ஒருவனைக் குற்றவாளி, இனவெறிக்காரன் என்று எழுதினால் அது அவமதிப்பு. அதற்குப் பழைய காலத்திலிருந்தே சட்டம் இருக்கிறதாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது, ஆனால் அவர் வக்கீல் என்றபடியால் அடக்கிக்கொண்டார்.

இனி அந்த மன்னிப்பு. வெறும் மன்னிப்பு என்றால் உமக்காக எப்போதோ எழுதிக் கொடுத்திருப்பேன். வீட்டுக்காரனுடைய வக்கீல் அனுப்பியிருக்கும் தாளில், வீடு உண்மையிலேயே ஏற்கெனவே கொடுபட்டுவிட்டது, நான் பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று இருக்கிறது. ஊர்சுலா பொலிசுக்குப் போய், வீடு இருந்தது, இரண்டுதரமும் என் காதால் கேட்டேன் என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறா. நான் கேட்கவில்லை, தானாகவே போனா. நான் அந்தத் தாளில் கையெழுத்து வைத்தால் அந்த மனுசி பொலிசுக்குப் பொய் சொன்ன ஆளாகிவிடுகிறா.

வைக்கமாட்டேன் நிரூ. வேறு ஏதும் சொல்லும், செய்கிறேன்.

லவன்

*

ஸ்காபரோ
25 பெப்ரவரி 1996

லவன்,

தாய் மாதிரியாம். எனக்கு ஒரு ஊர்சுலாவையும் தெரியாது. நான் தெரிந்துகொண்டதெல்லாம், ஒரு வெள்ளை மனுசிக்குப் பொய்க்காரி என்ற பெயர் வரக்கூடாது, ஆனால் உங்கள் பிள்ளை தகப்பன் முகத்தைப் படத்தில் மட்டும் பார்க்கலாம் என்பதுதான். நல்ல நியாயம். பொலிஸ் அந்த மனுசியைத் தூக்கிலா போடப்போகிறது? அவவுக்கு அது சொந்த நாடு, அவவை எங்கே அனுப்புவார்கள்?

இதை எழுதிவிட்டு எழும்பிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வெட்டவில்லை. வெட்டினால் நீங்கள் நான் ஆறிவிட்டேன் என்று நினைப்பீர்கள்.

இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நான் பேக்டரிக்குப் போகும்போது தனுவைப் பார்க்கிற குணவதி அன்ரியிடம்தான் சொன்னேன். அவ இந்தக் கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டா. லோண்ட்ரி றூமில் உடுப்புக் காயும்வரைக்கும் எனக்குச் சட்டப் பாடம் நடக்கிறது. லண்டனில் இருந்துவிட்டு வந்த நவரட்ணம் அண்ணை, "லண்டனெண்டால் பிள்ளை, உவன் வீட்டுக்காரனைக் கோட்டுக்கு இழுத்து நட்டஈடு வாங்கியிருக்கலாம். அங்க எழுபத்தாறாம் ஆண்டிலயே சட்டம் வந்திட்டுது" என்கிறார். ஹொலண்டிலிருந்து என் சிநேகிதி அன்ரனெற் ஃபோன் எடுத்தாள். அங்கே இரண்டு வருடத்துக்கு முன் சமமாக நடத்தும் சட்டம் என்று ஒன்று வந்திருக்கிறதாம். வக்கீல் இல்லாமலே ஒரு ஆணைக்குழுவிடம் போகலாம், அவர்கள் சொல்வதை ஆட்கள் கேட்டே ஆகவேண்டும் என்று இல்லை, ஆனாலும் பெரும்பாலும் கேட்பார்களாம். "உன்ர மனுசன் இருக்கிற இடத்தில இருந்து ஹொலண்ட் எவ்வளவு தூரமடி?" என்று கேட்டாள். பஸ்ஸில் போய்க் கோப்பி வாங்கிக்கொண்டு வரும் தூரம் என்றேன். "கொஞ்சம் தள்ளி இறங்கியிருக்கலாமே" என்கிறாள். சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு வைத்த பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன்.

ஒரே வீட்டுப் பிள்ளைகள் நாங்கள் லண்டனில் ஒரு சட்டம், ஹொலண்டில் ஒரு சட்டம், ஸ்காபரோவில் ஒரு சட்டம் என்று சிதறிக் கிடக்கிறோம். எங்களுக்கு வாய்த்ததைத்தான் மற்றவனுக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். நான் அதைத்தானே செய்தேன்? யாழ்ப்பாணத்தில் பட்டப்படிப்புப் படிக்கும்போது அரசியலமைப்புகளைப் பாடமாக்கிச் சோதனை எழுதினவள் நான். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் உங்களுக்கு நடந்ததைக் கேட்டபோது நினைவுக்கு வரவில்லை. நீங்கள் நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு போய் நின்றதுதான் மனதில் நின்றது.

நான் பயந்து சாகிறேன் லவன். பேக்டரியில் பெல்ட்டில் வரும் பெட்டியைப் பிடிக்காமல் விட்டுவிடுகிறேன், சுப்பர்வைசர் பார்க்கிறாள். பனி கரையும்போது அப்பா வருவார் என்று தனுவுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். நேற்றுக் கொஞ்சம் வெயில் எறித்தது. ஜன்னலடியில் போய் நின்று, "அம்மா, snow போகுது" என்கிறாள். எனக்குத் திரைச்சீலையை இழுத்து மூடத்தான் தோன்றியது.

கையெழுத்து வையுங்கள். வைக்க ஏலாது என்றால், நாங்கள் இரண்டு பேரும் இங்கே என்ன செய்வது என்று எழுதுங்கள். ஊர்சுலாவிடம் கேட்டு எழுதினாலும் சரி.

நிரூபா

*

கிளேவெ
08.03.1996

அன்பின் நிரூ,

ஊர்சுலாவிடம் கேட்டேன். உமது கடிதத்தை அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னேன், "தாய் மாதிரியாம்" என்பதையும் விடவில்லை. அவ மாவுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தா. பிறகு, "கையெழுத்தை வை. நான் கிழவி, எனக்கு என்ன செய்யப்போகிறார்கள்? பிள்ளையிடம் போ" என்றா. அடுத்த நாள் ஒரு அப்பிள் கேக் சுட்டுக்கொண்டு வந்தா. அதை நான் சாப்பிட்டேன். ஆனால் அவ அப்படிச் சொன்ன பிறகு என்னால் அறவே கையெழுத்து வைக்க ஏலாமல் போய்விட்டது. கோபிக்காதையும்.

இன்னொரு விசயம். அரசு வழக்குத் தொடுநர் அலுவலகத்திலிருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது. கடிதத்தில் "சட்டப்படி குற்றம்" என்று எழுதியிருக்கிறாயே, அப்படி ஒரு சட்டம் இருப்பதாக உனக்கு யார் சொன்னது, அந்த வசனம் எங்கிருந்து வந்தது என்று. ஆலோசனை நிலைய வக்கீல் உற்சாகமாகிவிட்டார். நீ யாரையும் அவமதிக்க நினைக்கவில்லை, வேறொரு நாட்டில் உண்மையாகவே உள்ள சட்டத்தை நம்பி எழுதினாய் என்று காட்டினால், சின்ன விசயம் என்று ஃபைலை மூடிவிட அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது, மூடினால் வீட்டுக்காரன் தலைகீழாக நின்றாலும் ஒன்றும் செய்வது கஷ்டம் என்கிறார்.

"ஆர் சொன்னது எண்டு சொல்லும்" என்றார்.

"நானாத்தான் எழுதினன்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அப்படி ஒரு வசனம் உம்மட தலையில தானா வந்திராது" என்றார். அது உண்மைதான்.

உமது பெயரை நான் சொல்லப்போவதில்லை. உமக்குக் கனடாச் சிற்றிசன் விண்ணப்பம் போய்க்கொண்டிருக்கிறது. ஜேர்மன் பொலிஸ் ஃபைல் ஒன்றில் உமது பெயர் ஏறி, அது அங்கே போய் யாருடைய மேசையிலாவது விழுந்தால், இரண்டு பேருக்கும் வாசல் சாத்தின கதையாகிவிடும். தனுவோடு இருக்கிற ஒரு ஆளாவது பயமில்லாமல் இருக்கட்டும். எனக்கு இங்கே குளிர் பழகிவிட்டது.

பொன் நகரத் தூதரகத்தில் தரும் படிவத்தில், உங்கள்மேல் வழக்கு ஏதும் இருக்கிறதா என்று ஒரு கேள்வி உண்டு. ஆம் என்று எழுதுவேன். பொய் எழுதினால் பிறகு எந்தக் காலத்திலும் வர ஏலாது. ஆம் என்று எழுதினால் பிற்போடுவார்கள். ஒரு வருடமாகலாம், கூடவுமாகலாம். தனுவுக்கு இனிப் பனியைச் சொல்லவேண்டாம். வேறு ஏதும் தூரமானதாகச் சொல்லும்.

லவன்

*

ஸ்காபரோ
18 மார்ச் 1996

அன்புள்ள லவன்,

இதையும் இரவில்தான் எழுதுகிறேன். உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. லிஃப்டுக்குள் நின்றே வாசித்தேன். "நானாத்தான் எழுதினன்" என்ற இடத்தில் கதவு திறந்தது. இறங்காமல் நின்று திரும்பக் கீழே போய்விட்டேன்.

உங்களுக்கு மூளை இருக்கிறதா? இவ்வளவு நாளும் நான் உங்களிடம் ஒரு பொய்யில் கையெழுத்து வையுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஒரு உண்மையைச் சொன்னால் போதும் என்று அந்த மனிதர் கேட்கிறார், நீங்கள் அதையும் சொல்லமாட்டேன் என்கிறீர்கள். ஊர்சுலாவையும் காப்பாற்றவேண்டும், என்னையும் காப்பாற்றவேண்டும் என்றால் உங்களை யார் காப்பாற்றுவது?

இன்று காலை பேக்டரிக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டுக் கிளினிக்கிற்குப் போனேன். தனுவையும் கூட்டிக்கொண்டு போனேன். குணவதி அன்ரியும் விடாமல் வந்தா. பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தா: "உன்ர பேரை ஏன் பிள்ளை ஜேர்மன்காரனுக்கு எழுதிக் குடுக்கிறாய்? இஞ்ச வந்து பிடிச்சுக்கொண்டு போனால் இந்தப் பிள்ளையை ஆர் பாக்கிறது? நானோ?"

"தெரியாது அன்ரி" என்றேன். உண்மையாகவே தெரியாது.

"எனக்கெண்டால் விளங்கேல்லை. வீடு குடாதவன் அவன். பொலிசுக்குப் போனவனும் அவன். நீங்கள் இரண்டு பேரும் ஆர் முந்திக் குற்றவாளி ஆகிறதெண்டு அடிபடுறியள்" என்றா. பஸ்ஸில் இருந்த இன்னொரு தமிழ்ப் பெண் சிரித்துவிட்டாள்.

எனக்கு அந்தக் கடிதம் எழுதித் தந்த அதே வக்கீல்தான் கிளினிக்கில் இருந்தா. எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வரியை நீதான் சொல்லிக்கொடுத்தாயா என்று கேட்டா. ஓம் என்றேன். அது உண்மை என்று நம்பித்தான் சொன்னாயா என்று கேட்டா. இப்போதும் நம்புகிறேன், அந்த இடத்தில் சட்டம் இல்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியாமல் போனது என்றேன். அவ அதையே எழுதினா. "நான் இதற்கு மனம் வருந்துகிறேன்" என்றும் ஒரு வரி போடுங்கள், பிரயோசனப்படும் என்றேன். மனம் வருந்துகிறாயா என்று கேட்டா. அந்த வரியைப் போடவில்லை.

சிற்றிசன்சிப்புக்கு ஏதும் வருமா என்று கேட்டேன். "நீங்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை, எனக்குத் தெரிந்தவரை வராது" என்றா. தெரிந்தவரை என்றா. அந்தச் சொல் வீட்டுக்கு வரும்வரை என்னோடு வந்தது. கையை உயர்த்தி, சொல்வதெல்லாம் உண்மை என்று சத்தியம் செய்தேன். தனு, தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துத் தானும் கையை உயர்த்தினாள். பெயர் கேட்காமலே, "தனுசியா லவன்" என்று சத்தமாகச் சொன்னாள். வக்கீல் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தா. குணவதி அன்ரி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உவளையும் எழுதுங்கோ" என்றா.

அந்தச் சத்தியக் கடதாசியை இதற்குள் வைத்திருக்கிறேன். மோர்னிங்சைட்டில் எனக்கு வீடு வாங்கித் தந்த கடிதத்தின் பிரதியும் இருக்கிறது, கிளினிக்கின் முத்திரையோடு. இந்த நாட்டில் அந்தச் சட்டம் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று வக்கீல் தனியாக ஒரு தாளும் எழுதித் தந்தா. மூன்றையும் உங்கள் வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். நேர்முகத்துக்கு முன் கொடுங்கள். கையெழுத்து ஒன்றும் வைக்கவேண்டாம், மன்னிப்பும் கேட்கவேண்டாம். யார் சொன்னது என்று கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். முழுப் பெயரையும், இந்த விலாசத்தையும் சொல்லுங்கள். பெண்சாதி சொல்லிக் கேட்டவன் என்று அங்கே யாரும் பகிடி பண்ணினால் பண்ணட்டும், நீங்கள் கேட்டது உண்மைதானே.

ஊர்சுலாவைப் பற்றி நான் எழுதினதை நீங்கள் அவவுக்கு மொழிபெயர்த்திருக்கத் தேவையில்லை. அவவிடம், இரண்டாம்தரமும் ஃபோன் எடுத்ததற்கு நான் நன்றி சொன்னதாகச் சொல்லுங்கள். கையில் மாவோடு எடுத்தா என்று எழுதியிருந்தீர்கள், அது பிறகுதான் என் கண்ணில் பட்டது.

இதனால் சரிவருமா என்று எனக்குத் தெரியாது. வராமலும் போகலாம். எனக்கும் சேர்த்து ஏதாவது வரலாம். யோசித்தால் இதை அனுப்பமாட்டேன், ஆனபடியால் யோசிக்காமல் நாளை விடியப் போய் எக்ஸ்பிரஸ் தபாலில் போட்டுவிடுவேன். வெளியே நடைபாதை ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பனி இருக்கிறது, கறுத்துப் போய். தனுவுக்கு வேறு ஒன்றையும் நான் சொல்லவில்லை.

கொடுத்தீர்களா இல்லையா என்று மட்டும் எழுதினாலும் போதும். விடுதி ஃபோனில் ஒளிக்கவேண்டாம். கெதியாகப் பதில் போடுங்கள்.

நிரூபா